கார்ப்பரேட் வழக்குகளும் திறந்த மூல மென்பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறந்த மூலத் திட்டங்களுக்கு நிரல் எழுதித் தருபவர்களும், அந்த மென்பொருளை அலுவலகத்தில் நிறுவிப் பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இங்கே பேசப்படும் வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தவை. தனியாகச் சொல்லாத இடங்களில் சட்ட விவரங்களும் அந்நாட்டுக்குரியவை.

எந்த உரிமையைக் காட்டி வழக்குப் போடுகிறார்கள்?

எழுதிய நிரல் வரிகளுக்கு உள்ளது பதிப்புரிமை. ஒரு செய்முறைக்கு உள்ளது பேட்டன்ட். பெயருக்கும் சின்னத்துக்கும் உள்ளது வணிகக் குறி. இவை போக, ஒப்பந்தத்தை மீறியதாகவும் வணிக ரகசியத்தைக் கசியவிட்டதாகவும் வழக்குகள் வரும்.

தமிழ்ச் செய்திகளில் முதல் இரண்டையுமே ‘காப்புரிமை’ என்று எழுதிவிடுவதுண்டு. இரண்டுக்கும் தற்காப்பு வேறு என்பதால் இந்தக் குழப்பம் ஆபத்தானது. பதிப்புரிமை வழக்கில், யாரிடமிருந்தும் நகலெடுக்காமல் நீங்களே எழுதியதாகக் காட்ட முடிந்தால் போதும். பேட்டன்ட் வழக்கில் அந்தப் பதில் எடுபடாது. அந்தப் பேட்டன்ட்டைப் பற்றிக் கேள்விப்படாமலே அதே செய்முறையை நீங்களாகக் கண்டுபிடித்திருந்தாலும் அது மீறல்தான். அதனால் இந்தப் பக்கத்தில் ‘காப்புரிமை’ என்ற சொல்லைத் தவிர்த்திருக்கிறோம்.

எஸ்சிஓ – ஐபிஎம் வழக்கு எதைப் பற்றியது?

2003 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எஸ்சிஓ குரூப் என்ற மென்பொருள் நிறுவனம் ஐபிஎம் மீது இந்த வழக்கைப் போட்டது. யூனிக்ஸ் ஒரு பழைய இயங்குதளம், லினக்ஸ் அதைப் போலவே இயங்கும் திறந்த மூல இயங்குதளம். ‘யூனிக்ஸ் எங்கள் சொத்து. ஐபிஎம்மின் இயங்குதளமான ஏஐஎக்ஸ், எங்களிடம் உரிமம் பெற்ற யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவிலிருந்து வளர்ந்தது. அதிலிருந்த தொழில்நுட்பத்தை ஐபிஎம் லினக்ஸுக்குக் கொடுத்துவிட்டது’ என்பது புகாரின் சாரம். முதலில் 100 கோடி டாலர் கேட்டார்கள். பின்னர் அது 500 கோடி வரை ஏறியது.

வழக்குப் போட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எஸ்சிஓ குரூப்பின் பழைய பெயர் கால்டெரா. லினக்ஸை விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது. 2001-இல் சான்டா குரூஸ் ஆபரேஷனின் யூனிக்ஸ் தொழிலை வாங்கி, 2002-இல் பெயரை மாற்றிக்கொண்டது. அதாவது, திருட்டு நிரல் இருப்பதாகச் சொன்ன அதே லினக்ஸை, யாரும் நகலெடுத்து மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் அதுவும் விநியோகித்து வந்தது. ஐபிஎம் தன் எதிர்வழக்கில் இதையே பிடித்துக்கொண்டது.

லினக்ஸில் உண்மையிலேயே யூனிக்ஸ் நிரல் இருந்ததா?

2003 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் தன் கூட்டாளிகளுக்காக நடத்திய மாநாட்டில் எஸ்சிஓ சில ஸ்லைடுகளைக் காட்டியது. யூனிக்ஸ் வரிகளை யாரும் படித்துவிடக் கூடாதென்று, குறிப்புரைகளைக் கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றியிருந்தார்கள். அது வெறும் எழுத்துரு மாற்றம்தான். ஸ்லைடின் புகைப்படம் வெளியானதும், எழுத்துக்கு எழுத்து திருப்பிப் போட்டு ஆங்கிலத்தில் படித்துவிட்டார்கள்.

ஒரு துண்டு, நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ‘மாலாக்’ வகை நிரல். அதை லினக்ஸுக்குக் கொடுத்தது ஐபிஎம் அல்ல, எஸ்ஜிஐ என்ற கணினி நிறுவனம். அதன் வேர் 1970-களின் யூனிக்ஸ். அந்தப் பழைய பதிப்புகளைத் தாராளமான பிஎஸ்டி (பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் வகை) பாணி உரிமத்தில் வெளியிட்டது 2002 ஜனவரியில் கால்டெரா, அதாவது எஸ்சிஓவேதான். இன்னொரு துண்டு, நெட்வொர்க் தரவைச் சலிக்கும் பெர்க்லி பாக்கெட் ஃபில்டர் தொடர்பானது. அது முதலிலேயே பிஎஸ்டி உரிமத்தில் வந்தது, யூனிக்ஸ்தான் அதைக் கடன் வாங்கியிருந்தது. திறந்த மூல இயக்கத்தைச் சேர்ந்த புரூஸ் பெரன்ஸ் இதையெல்லாம் வரிவரியாக எடுத்து வைத்தார்.

எஸ்ஜிஐ தான் கொடுத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளையும் சோதித்தது. ஒத்துப்போனவை அதிகபட்சம் 200 வரிகள், அவையும் அற்பமானவை என்று அறிவித்தது. ஆக, ‘ஒரு வரிகூட இல்லை’ என்பது சரியான பதிலல்ல. பெரிதாகச் சொல்லக்கூடிய எதுவும் இல்லை என்பதே சரி. எஸ்ஜிஐ மூல உரிமைக் குறிப்பை அந்தக் கோப்பிலேயே வைத்திருந்தால் இந்த ஸ்லைடுக்கே இடம் இருந்திருக்காது.

2003 டிசம்பரில் எஸ்சிஓ சில தலைப்புக் கோப்புகளையும் உரிமை கோரியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இன் 0.01 பதிப்பைத் திறந்து பார்த்தார். எழுத்துகளைப் பெரியதாகவும் சிறியதாகவும் மாற்றும் மேக்ரோக்கள் அதில் இருந்தன. வேறொருவர் உரிமை கோரியிருக்காவிட்டால், இவ்வளவு விகாரமானதை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டேன் என்றார். நிரலின் கோணலே அது யார் கைவேலை என்பதற்குச் சாட்சியானது. பழைய பதிப்புகளை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

அப்படியானால் வழக்கு ஏன் 18 ஆண்டு இழுத்தது?

முதல் காரணம், எந்த வரி என்று எஸ்சிஓ சொல்லவே இல்லை. நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்ட பிறகு 294 இனங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பகுதியில் கோப்பும் பதிப்பும் வரியும் குறிப்பிடப்படவில்லை என்று 2006-இல் நீதிபதி புரூக் வெல்ஸ் அவற்றைத் தள்ளினார். அவர் சொன்ன உவமை அழகானது. கடையில் திருடியதாக ஒருவரைப் பிடித்துவிட்டு, என்ன திருடினார் என்று சொல்லாமல், கடையின் மொத்தப் பொருள் பட்டியலையும் கையில் கொடுத்து ‘இதில் எங்கேயோ இருக்கிறது, நீயே தேடிக்கொள்’ என்பது போல இருக்கிறது என்றார்.

இரண்டாவது, யூனிக்ஸ் பதிப்புரிமை யாருடையது என்பதே தனி வழக்காயிற்று. 1995-இல் யூனிக்ஸ் தொழிலைச் சான்டா குரூஸ் ஆபரேஷனுக்கு விற்றது நோவெல் என்ற மென்பொருள் நிறுவனம். அந்த ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில், விற்காத சொத்துகளில் ஒன்றாகப் பதிப்புரிமைகள் எல்லாம் இருந்தன. 1996-இல் போட்ட ஒரு திருத்தம் இதைக் குழப்பியது. 2004 ஜனவரியில் எஸ்சிஓ நோவெல் மீது வழக்குப் போட, 2007 ஆகஸ்டில் நீதிபதி டேல் கிம்பல் பதிப்புரிமை நோவெலுடையது என்றார். அடுத்த விசாரணைக்கு மூன்று நாள் இருக்கையில், 2007 செப்டம்பர் 14 அன்று, எஸ்சிஓ திவால் பாதுகாப்பு கேட்டது. உடனே எல்லாம் நின்றது. மேல்முறையீட்டில் விஷயம் ஜூரிக்குத் திரும்பியது. 2010 மார்ச்சில் ஜூரியும் நோவெல் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

ஐபிஎம் வழக்கின் மிச்சம் 2021-இல் முடிந்தது. எஸ்சிஓவின் திவால் பொறுப்பாளருக்கு ஐபிஎம் 1 கோடியே 42.5 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. 500 கோடி கேட்ட இடத்தில் கிடைத்தது இவ்வளவுதான்.

லினக்ஸை வெறுமனே பயன்படுத்திய நிறுவனங்களுக்கு என்ன ஆயிற்று?

சேதம் பெரும்பாலும் இங்கேதான். 2003 மே மாதம் ஏறத்தாழ 1,500 பெரிய நிறுவனங்களுக்கு எஸ்சிஓ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பிறகு, சர்வரில் ஒரு பிராசஸருக்கு 699 டாலர் கட்டினால் தொல்லை இல்லை என்று ‘லினக்ஸ் உரிமம்’ விற்றது. 2004 மார்ச்சில் ஆட்டோசோன், டைம்லர்கிரைஸ்லர் என்ற இரு வாடிக்கையாளர்கள் மீதே வழக்குப் போட்டது. டைம்லர்கிரைஸ்லர், உரிமம் பெற்றிருந்த அந்த யூனிக்ஸ் மென்பொருளை ஏழு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தவே இல்லை. அந்த நிறுவனத்தின் மீதான வழக்கின் பெரும்பகுதி சில மாதங்களில் தள்ளுபடியானது.

ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே, லினக்ஸ் வாங்கலாமா என்று முடிவெடுக்கும் மேலாளரின் மேசைக்குச் சந்தேகம் போய்ச் சேர்ந்துவிடும். அதைச் சமாளிக்கத்தான் 2004 ஜனவரியில், லினக்ஸை வளர்க்க நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஓஎஸ்டிஎல் அமைப்பு 1 கோடி டாலர் இலக்கோடு சட்டப் பாதுகாப்பு நிதி தொடங்கியது. வழக்கு வந்தால் வாடிக்கையாளரின் இழப்பை ஏற்பதாக விற்பனையாளர்கள் நஷ்ட ஈட்டு உறுதிமொழி தரத் தொடங்கியதும் அப்போதுதான். இன்றும் வணிக லினக்ஸ் சந்தா வாங்கும்போது ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். நீங்களாக மாற்றிய நிரலுக்கு அது பெரும்பாலும் செல்லாது.

இதற்கு முன்பும் இப்படி நடந்ததா?

நடந்தது. 1992-இல் ஏடி&டியின் யூனிக்ஸ் நிறுவனம், பிஎஸ்டியை விற்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 1994-இல் சமரசமானபோது சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியவை வெறும் 3. உரிமைக் குறிப்பு சேர்க்க வேண்டியவை 70. அந்த இரண்டாண்டு இடைவெளியில் பிஎஸ்டியைத் தொடப் பலர் தயங்கினார்கள், லினக்ஸ் வளர்ந்துவிட்டது.

‘சைன்டு ஆஃப் பை’ வரி எதற்கு?

எஸ்சிஓ வழக்கின் நேரடி விளைவு அந்த வரி. ஒவ்வொரு மாற்றமும் யார் கை வழியாக வந்தது என்று காட்ட, 2004 மே மாதம் டோர்வால்ட்ஸ் இதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கொண்டுவந்தார். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில், ஒரு மாற்றத்தைப் பதியும் கமிட் கட்டளையோடு ‘எஸ்’ தெரிவைச் சேர்த்தால் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கமிட் செய்தியின் கடைசியில் ஏறிவிடும். அதைப் போடுவதால் நீங்கள் இவற்றில் ஒன்றை உறுதியளிக்கிறீர்கள்: நானே எழுதினேன், கொடுக்க எனக்கு உரிமை உண்டு, அல்லது பொருத்தமான திறந்த உரிமத்தில் இருந்ததை அடிப்படையாகக் கொண்டேன், அல்லது இதே உறுதியைத் தந்த ஒருவரிடமிருந்து வந்ததை மாற்றாமல் அனுப்புகிறேன். இந்தப் பதிவு என்றென்றைக்கும் பொதுவில் இருக்கும் என்பதற்கும் சம்மதிக்கிறீர்கள்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. அடுத்தவர் பெயரில் பராமரிப்பாளரே வரியைப் போட்டுவிடுவது. பல கமிட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது பழைய வரிகள் தொலைந்துபோவது. மூன்றாவதுதான் மிக மோசம்: நிரலின் உரிமை வேலை கொடுத்த நிறுவனத்திடம் இருக்க, ஊழியர் தன் பெயரில் உறுதியளிப்பது.

பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் இதிலிருந்து வேறுபட்டது. அது திட்டத்தை நடத்தும் அமைப்புக்கு உங்கள் நிரல் மீது கூடுதல் உரிமைகளை எழுதிக் கொடுக்கிறது. அந்த அமைப்பு பிற்பாடு உரிமத்தையே மாற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஆரக்கிள் – கூகுள் தீர்ப்புக்குப் பிறகு ஏபிஐகளைத் தாராளமாக நகலெடுக்கலாமா?

கூடாது, ஆனால் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கப் பயன்படும் பெயர்களும் அவற்றின் அமைப்பும். 2010-இல், ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் மீது வழக்குப் போட்டது. ஆண்ட்ராய்டில் ஜாவாவின் 37 தொகுப்புகளின் அறிவிப்பு வரிகள், சுமார் 11,500, எடுத்தாளப்பட்டிருந்தன. ஜாவா ஏபிஐயின் 28.6 லட்சம் வரிகளில் இது 0.4 சதவீதம். உள்ளே வேலை செய்யும் நிரலைக் கூகுள் தானே எழுதிக்கொண்டது. 2012-இல் நீதிபதி வில்லியம் அல்சப் ஏபிஐக்குப் பதிப்புரிமை இல்லை என்றார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2016-இல் ஜூரி, இது உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் ‘நியாயமான பயன்பாடு’ என்றது. 2018-இல் அதையும் மேல் நீதிமன்றம் புரட்டியது. 2021 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று கூகுள் பக்கம் நின்றது.

பலர் கவனிக்காதது இது: ஏபிஐக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லவில்லை. இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் இந்தப் பயன்பாடு நியாயமானது என்று மட்டும் தீர்ப்பளித்தது. நியாயமான பயன்பாடு வழக்குக்கு வழக்கு மாறும்.

ஆகவே, ஒத்தியங்கும் நூலகம் எழுதும்போது பெயர்கள், அளவுருக்கள், வரிசை ஆகியவற்றைப் பொது ஆவணத்திலிருந்து எடுங்கள், மூல நிரலைத் திறக்காதீர்கள். உள்நிரலைப் பார்த்தவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்று பிரித்து வையுங்கள். இருவருக்கும் இடையே போவது விவரக்குறிப்பு மட்டுமாக இருக்கட்டும். விண்டோஸ் மூல நிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பை, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓடவைக்கும் ஒயின் திட்டம் ஏற்பதில்லை. விண்டோஸுக்கு ஒத்தியங்கும் இயங்குதளம் எழுதும் ரியாக்ட்ஓஎஸ் திட்டம் 2006-இல் இத்தகைய சந்தேகம் எழுந்ததும் வேலையை நிறுத்தி, தன் நிரல் முழுவதையும் தணிக்கை செய்ய இறங்கியது. எளிய தீர்வும் உண்டு. திறந்த உரிமத்தில் அதே ஏபிஐ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கூகுளே பிறகு ஆண்ட்ராய்டை, ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓபன்ஜேடிகேவுக்கு மாற்றியது.

ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. பேட்டன்ட் வழக்கு எப்படி வரும்?

2019 ஆகஸ்டில் ரோத்ஸ்சைல்ட் பேட்டன்ட் இமேஜிங் என்ற நிறுவனம், லினக்ஸுக்கான திரைச் சூழலை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளை மீது வழக்குப் போட்டது. ஷாட்வெல் என்ற படத் தொகுப்பு மென்பொருள், படங்களை வடிகட்டிக் கம்பியில்லா இணைப்பில் அனுப்பும் தங்கள் பேட்டன்ட்டை மீறுகிறதாம். 75,000 டாலர் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். வழக்காடும் செலவு இதைவிடப் பல மடங்கு என்பதால் பலரும் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தொகையே அப்படிக் கணக்குப் போட்டு வைப்பதுதான்.

க்னோம் கொடுக்கவில்லை. 4,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 1.5 லட்சம் டாலரைத் தாண்டி நிதி கொடுத்தார்கள். வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வாதாடினார்கள். 2020 மே மாதம் வந்த சமரசத்தில், திறந்த மூல உரிமத்தில் வெளியான எந்த மென்பொருள் மீதும் தன் பேட்டன்ட்களை ஏவுவதில்லை என்று அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்தது. க்னோமுக்கு மட்டும் விடுதலை கேட்டு ஒதுங்காமல் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டது பெரிய காரியம்.

மாறாக, 2009-இல் மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டபோது, வழிகாட்டிக் கருவிகள் செய்யும் டாம்டாம் ஒரே மாதத்தில் பணிந்தது. ஃபாட் கோப்பு முறையில் நீண்ட பெயர்களைக் கையாளும் வசதியை இரண்டாண்டுக்குள் நீக்க ஒப்புக்கொண்டது.

அப்பாச்சி, ஜிபிஎல், எம்ஐடி: எந்த உரிமம் பேட்டன்ட்டிலிருந்து காக்கும்?

அப்பாச்சி 2.0 உரிமத்தில் பங்களிப்பாளர் தன் பேட்டன்ட்டையும் சேர்த்தே வழங்குகிறார். அந்த மென்பொருள் தன் பேட்டன்ட்டை மீறுவதாக யாராவது வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி பறிபோகும். 2007-இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும் இதற்கு நிகரான பிரிவுகள் உண்டு. எம்ஐடி உரிமம் பேட்டன்ட் என்ற சொல்லையே எடுப்பதில்லை.

ஆனால் எந்த உரிமமும் பங்களித்தவரைத்தான் கட்டுப்படுத்தும். வெளியாளிடம் இருக்கும் பேட்டன்ட்டை எதுவும் செய்ய முடியாது. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது 2005-இல் ஐபிஎம், நோவெல், பிலிப்ஸ், ரெட் ஹாட், சோனி சேர்ந்து தொடங்கிய ஓபன் இன்வென்ஷன் நெட்வொர்க். தொடங்கியபோது சேரக் கட்டணம் இல்லை. உறுப்பினர்கள் லினக்ஸ் தொடர்பான தங்கள் பேட்டன்ட்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவுவதில்லை. 2018-இல் மைக்ரோசாஃப்ட்டும் தன் 60,000 பேட்டன்ட்களோடு சேர்ந்தது. பேட்டன்ட்டை வாங்கி வழக்குப் போடுவதே தொழிலாக உள்ளவர்களிடம் இது பலிக்காது. அவர்களிடம் திருப்பி வழக்குப் போடப் பொருளே இருக்காது.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. முதல் சில நாட்களில் என்ன செய்வது?

வந்திருப்பது வெறும் கடிதமா, நீதிமன்ற அழைப்பாணையா என்று பாருங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற அழைப்பாணை என்றால், கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளில் பதில் போக வேண்டும். முறைப்படி அழைப்பாணை தருவதை நீங்கள் விட்டுக்கொடுத்தால் 60 நாள் கிடைக்கும்.

எதையும் அழிக்காதீர்கள். கிட் வரலாறு, அரட்டைப் பதிவு, அஞ்சல் பட்டியல், பழைய வெளியீடுகள் எல்லாவற்றையும் தேதியோடு நகலெடுத்து ஒதுக்கி வையுங்கள். பதற்றத்தில் ‘மீறலைச் சரிசெய்தேன்’ என்று கமிட் போட்டுவிடுபவர்கள் உண்டு. அந்தச் செய்தியே எதிர்த்தரப்புக்கு ஆதாரமாகும். பொது அரட்டையில் ‘இது எங்கிருந்து வந்தது, யாருக்காவது தெரியுமா’ என்று கேட்பதும் அதே தவறுதான்.

பிறகு வழக்கறிஞர் மூலம் குறிப்பாகக் கேளுங்கள்: எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, எந்த வரிகள்? பேட்டன்ட் என்றால், எண் என்ன, அதன் எந்தக் கோரிக்கை? வழக்கு வந்த ஓராண்டுக்குள் அந்தப் பேட்டன்ட்டின் செல்லுபடியை அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகத்தில் மறுபரிசீலனைக்குக் கொண்டுபோகலாம். ஓராண்டு போனால் அந்தக் கதவு மூடிவிடும். அங்கே வேலைக்கு ஆவது, விண்ணப்பத் தேதிக்கு முன்பே அதே செய்முறை பொதுவில் இருந்தது என்று காட்டும் பழைய ஆவணங்கள். கையேட்டின் பழைய பதிப்பும் தேதியிட்ட வெளியீட்டுக் கோப்பும் இதற்கு உதவும்.

திறந்த மூலத்தார் பக்கமிருந்து வழக்குப் போட்டு வென்றதுண்டா?

உண்டு. 2008-இல் ஜேக்கப்சன் – கேட்சர் வழக்கு முக்கியமானது. விளையாட்டு ரயில்களை இயக்கும் இலவச மென்பொருளை, பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்கிவிட்டு ஒரு நிறுவனம் தன் பொருளில் சேர்த்தது. திறந்த உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இலவசமாகக் கொடுத்ததால் இழப்பில்லை என்ற வாதம் அதோடு அடிபட்டது.

இந்தியாவில் வேலை செய்பவருக்கு என்ன வேறுபாடு?

பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலுக்கு, நிரல் என்ற அளவில், பேட்டன்ட் தருவதில்லை. ஆனால் உங்கள் மென்பொருள் அமெரிக்காவில் விநியோகமானால் அந்நாட்டுப் பேட்டன்ட் அங்கே பொருந்தும்.

அன்றாடம் இடிப்பது வேறொன்று. 1957-இன் பதிப்புரிமைச் சட்டம் 17(சி) பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, பணியின் போக்கில் எழுதியதற்கு வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். பல நியமன ஒப்பந்தங்கள் இதைத் தாண்டி ஓய்வு நேரத்தில் எழுதியதையும் கேட்கின்றன. திட்டத்தின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன ‘சரி’ அவர் வேலை மாறிப்போனதும் காணாமல் போகும்.

பழைய திட்டம், யார் எழுதியது என்றே தெரியாத கோப்புகள். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கோப்புவாரியாகப் பட்டியல் போடுங்கள்: பெயர், முதலில் சேர்ந்த தேதி, சேர்த்தவர், உரிமக் குறிப்பு உண்டா இல்லையா. கிட் பிளேம் தருவது கடைசியாக வரியைத் தொட்டவரின் பெயர். இடைவெளியைத் திருத்தியவர்கூட அதில் ஆசிரியராகத் தெரிவார். அதனால் முழு வரலாற்றையும் பின்னோக்கிப் பாருங்கள். ஆசிரியர் தெரிந்தால் எழுதிக் கேளுங்கள், வந்த பதிலைத் திட்டத்திலேயே சேமியுங்கள். காணொளி இயக்கும் மென்பொருளான விஎல்சி தன் உரிமத்தை மாற்றியபோது 200-க்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. சம்மதம் கிடைக்காத கோப்பை, அதைப் படித்திராத ஒருவரிடம் விவரக்குறிப்பு மட்டும் கொடுத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். சரிபார்த்த ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எந்த உரிமம் என்று சுருக்கமாகக் காட்டும் எஸ்பிடிஎக்ஸ் உரிமக் குறி ஒரு வரி சேருங்கள். சரிபார்க்காததில் ஊகித்துப் போட வேண்டாம், வெறுமையாக விட்டுப் பட்டியலில் குறித்து வையுங்கள்.